ஒரே போர்வை

...ஒன்றுதான் இருந்தது, இரண்டு தலையணை, ஒரே ஒரு போர்வை, டோர்குன் கட்டிலைச் சுற்றி வந்து அந்தப் பக்கமும் பார்த்தாள், கால்மாட்டில் மடித்து வைத்திருப்பார்களோ என்று பார்த்தாள், அலமாரியைத் திறந்தாள், இரண்டு வெள்ளை அங்கிகளும் ஒரு குடையும்தான் தொங்கின, மண்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள், ஐம்பத்தெட்டு வயசுப் பொம்பளை ட்ரொன்ஹெய்ம் நகரத்தின் பெரிய ஓட்டலில் வந்து இறங்கிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, கட்டிலுக்கடியில் போர்வை தேடுகிறாள், வேறென்ன கேடு வேண்டும்... ஆளுக்கொரு போர்வை, அதுதானே வழக்கம், இந்த நாட்டில் எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே போர்வைக்குள் கிடக்கிறார்கள், கல்யாணத்துக்கு அம்மா கொடுத்ததே இரண்டு இறகுப் போர்வைதான், முப்பத்தொரு வருஷமாக அவன் போர்வை அவனுக்கு, அவள் போர்வை அவளுக்கு, ஒருத்தர் புரண்டால் இன்னொருத்தருக்குத் தெரியாது, ஒருத்தர் அழுதாலும் தெரியாது, அது ஒரு வகையில் நல்லதுதான். அழகு பார்க்கிறேன் பேர்வழி என்று இந்த ஓட்டல்காரர்கள் அதிலும் கை வைத்துவிட்டார்கள். பெரிசாக, பனி விழுந்த வயல் மாதிரி ஒன்றை விரித்து வைத்திருக்கிறார்கள், இதற்குள் இன்று ராத்திரி அவனோடு படுக்க வேண்டுமாம், அதுவும் இன்று ராத்திரி, இன்றைக்கென்று பார்த்து.

"என்ன தேடுறே?" என்றான் ஓட்முண்ட், திரும்பாமலே. ஜன்னலோரம் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான், மணி மூன்றரை ஆகவில்லை, அதற்குள் வெளியே இருட்டிவிட்டது, அக்கரை மரக்கிடங்குகளில் விளக்கு எரிகிறது. "ஒண்ணுமில்லே" என்றாள். "ஓ" என்றான். அவ்வளவுதான், ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை, ஒரு மனுஷி தரையில் மண்டி போட்டிருக்கிறாள், முகம் சிவந்து கிடக்கிறது, அவனுக்கு அது ஒன்றுமில்லை, கல்லுளிமங்கன்! அந்தக் கண்ணாடி மேசைமேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த காப்பிக் குடுவையை வைத்திருக்கிறான், பக்கத்தில் ரயிலில் மிச்சமான பழுப்புப் பாலாடைக்கட்டி ரொட்டி, மெழுகுத்தாளில் சுற்றி, வெட்கமே இல்லை, கீழே இரண்டு வேளைக்குச் சாப்பாடு சேர்த்துத்தான் அறை எடுத்திருக்கிறது, மகள் ஸீலியே எடுத்துக் கொடுத்திருப்பாள், வேறு யார், இவனுக்கு இதெல்லாம் எங்கே தோன்றும், அவள் சொல்லியிருப்பாள், அப்பா அம்மாவை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ என்று, இவனும் சரி என்று தலையாட்டிப் பெட்டியைத் தூக்கியிருப்பான்... அப்புறம் அந்தக் குளியலறை! சுவரே இல்லை, கண்ணாடி, கட்டிலில் படுத்துக்கொண்டு உள்ளே குளிக்கிறவளை வேடிக்கை பார்க்கலாம், இதற்குப் பெயர் நாகரிகமாம். நவம்பரில் போட்ட வெட்டு இடது மார்புக்குக் கீழே இன்னும் ஊதா நிறத்தில் இருக்கிறது, அதை அவன் பார்த்ததில்லை, அவன் கேட்டதுமில்லை, அவள் காட்டியதுமில்லை, வீட்டில் குளியலறைக்குத் தாழ்ப்பாள் உண்டு. "கீழே போயிட்டு வர்றேன்" என்றாள். "நானும் வரட்டா?" "வேண்டாம், பரவாயில்லே." "ஓ" என்றான், குடுவையைத் திறந்தான்.

பரவாயில்லே, பரவாயில்லே... நடையில் கம்பளம் அத்தனை தடியாகக் கிடந்தது, கோபத்தில் நடந்தால்கூடச் சத்தம் வரவில்லை, கதவை அறைந்து சாத்தலாம் என்று பார்த்தால் அதுவும் தானே மெதுவாக மூடிக்கொள்கிற கதவு, இந்த ஓட்டலில் ஒரு மனுஷிக்கு ஒழுங்காகக் கோபப்படக்கூட வசதி இல்லை. லிஃப்டுக்குள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள், பார்க்காமலிருந்திருக்கலாம். அக்டோபரிலும் இந்த முகம்தானே இருந்திருக்கும், சமையலறையில், அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மார்பில் கட்டி தெரிகிறது, செவ்வாய்க்கிழமை வரவும், ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று. செவ்வாய், எல்க் மான் வேட்டையின் இரண்டாம் நாள். எங்கள் நாம்டாலன் பள்ளத்தாக்கில் அந்த ஒரு வாரம் ஆண்பிள்ளை எவனும் வீட்டில் இருக்கமாட்டான், பள்ளிக்கூடத்தில் பாதி வாத்தியார் இருக்கமாட்டார், தச்சன் இருக்கமாட்டான், செத்தவனைப் புதைக்கக்கூட அடுத்த வாரம்தான். ஓட்முண்ட் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான், "நான் போகலே, உன்கூட வர்றேன்" என்றான், இல்லை, அப்படிச் சொல்லவில்லை, "நான் வேணா போகாம இருக்கட்டா?" என்றான், அதுதான், அந்த 'வேணா'தான், அந்த ஒரு 'வேணா'வில் எல்லாம் முடிந்துபோயிற்று. "போ, பரவாயில்லே, சும்மா ஒரு பரிசோதனைதான்." "நிச்சயமா?" "நிச்சயம்." அவ்வளவுதான். இரண்டு தடவை கேட்டாயிற்று, எங்கள் ஊர்க் கணக்கில் அது போதும், மூன்றாம் தடவை கேட்டால் நச்சரிப்பு, சொன்ன வார்த்தையை நம்பாத மரியாதைக் குறைவு. துப்பாக்கியை உறையில் போட்டான், போய்விட்டான். அவள் பஸ்ஸில் போனாள், பஸ்ஸில் வந்தாள், மழை, பக்கத்து ஸீட்டில் யாரோ ஒரு கிழவர் வழிநெடுக முட்டைக்கோசு விலை பேசினார், மார்பில் கட்டு வலித்தது. போகாதே என்று சொல்லியிருக்கலாமே, வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்... ஏன் நான் சொல்ல வேண்டும்? முப்பத்தொரு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன், கடிதத்தை நான் மடித்து மடித்துப் பிரித்தது தெரியாதா, மலைச்சரிவில் முந்நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு மானின் காது அசைந்தால் தெரிகிறதே அவனுக்கு!

தெரிகிறதே... ஐந்தாம் நாள் வந்தான், இறைச்சியில் தன் பங்கைத் தூக்கிக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டி, பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி உறைபெட்டியை நிரப்பினான், "எப்படி இருந்துச்சு?" என்றான், "பரவாயில்லே" என்றாள், "நல்லது" என்றான். நவம்பரில் கட்டியை எடுத்தபோது காரில் கூட்டிக்கொண்டு போனான், அதைச் சொல்லத்தான் வேண்டும், "நீ உள்ளே வர வேண்டாம்" என்றாள், வரவில்லை, நாலு மணி நேரம் பனிவிழும் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தான், அவள் வெளியே வந்தபோது வண்டி முழுக்கப் பனி மூடியிருந்தது, அவன் உட்கார்ந்த இடத்துக் கண்ணாடியில் மட்டும் ஒரு வட்டம் துடைத்து வைத்திருந்தான், வழியெல்லாம் பேசினான், எதைப் பற்றி, சாலையில் உறைபனி வழுக்குவதைப் பற்றி! நல்ல கட்டிதான், ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார், அன்றைக்கு அவள் அழுதாள், தன் போர்வைக்குள், கால் இரண்டும் ஐஸாகக் குளிர்ந்து கிடந்தது, அந்தப் பக்கம் அவன் குறட்டை விட்டான், அப்போதுதான் தனியாகப் போய்விடுவது என்று முடிவு செய்தாள். மருந்துக்கடையில் கூட வேலை பார்க்கிற ஓஸ்லாவின் ஒற்றை அறை வீடு ஸ்டைன்ஷேரில் சும்மா கிடக்கிறது, பிப்ரவரி ஒன்றிலிருந்து குடியிருக்கலாம், சாவி இதோ, கோட்டுப் பைக்குள், விரலில் தட்டுப்படுகிறது, இன்று சாப்பாட்டு மேசையில், ஏழு மணிக்கு, சொல்லிவிட வேண்டும், சூப்புக்கு முன்னாலா பின்னாலா, பின்னால், வெறும் வயிற்றில் வேண்டாம் அவனுக்கு... அவன் வயிற்றைப் பற்றி இப்போது என்ன கவலை, போடீ பைத்தியக்காரி.

கீழே முகப்பில் கணப்பு எரிந்தது, விறகே இல்லாத கணப்பு, ஏதோ வாயுவில் எரிகிற வகை, அதன் முன்னால் ஆட்டுத்தோல் விரித்த நாற்காலிகளில் மெல்லிய ஆட்கள் மெல்லிய மடிக்கணினிகளோடு உட்கார்ந்திருந்தார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. மேசைக்குப் பின்னால் ஒரு பெண், இருபத்தைந்து இருக்கும், சட்டையில் டிரில் என்று பெயர் குத்தியிருந்தது, மூக்கில் சின்ன வளையம். "எங்க ரூம்ல போர்வை ஒண்ணுதான் இருக்கு, நானூற்றுப் பன்னிரண்டு" என்றாள் டோர்குன், குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, ஒரு மடிக்கணினி நிமிர்ந்தது, நிமிரட்டும். "ஆளுக்கொண்ணு தரணும்ல? ரெண்டு பேர் வந்திருக்கோம், காசு ரெண்டு பேருக்குத்தானே வாங்கறீங்க? ஸ்டைல் பண்றேன்னு மனுஷங்களை நடுங்க வைக்கிறதா?" பெண் அலட்டிக்கொள்ளவில்லை, "ஒரு நிமிஷம், கொண்டுவரேன்" என்று உள்ளே போனாள், மடித்த போர்வை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள், மேசைமேல் வைத்தாள், நல்ல வெள்ளைப் போர்வை, ஒற்றை ஆளுக்கானது. வைத்துவிட்டுக் கணினித் திரையைப் பார்த்தாள், புருவத்தைச் சுருக்கினாள்.

"நாங்களும் வழக்கமா ரெண்டுதான் போடுவோம். பெரிசு வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு நாலஞ்சு வச்சிருக்கோம். உங்க ரூமுக்குக் கேட்டு வாங்கினதாச்சே."

"யாரு கேட்டா? எம் மகளா?"

"இல்லே, ஓட்முண்ட். அவருதான் போன் பண்ணி ரூமும் எடுத்தாரு. நான்தான் பேசினேன், நல்லா ஞாபகம் இருக்கு. ஒரே போர்வையா போட முடியுமான்னு கேட்டுட்டுப் பேசாமலே இருந்தாரு, லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம், அவளுக்குக் கால் குளிரும், அது கால் வரைக்கும் வருமான்னு கேட்டாரு. நான் போய் அளந்து பார்த்துட்டு வந்து சொன்னேன்." சிரித்தாள், சட்டென்று வாயைப் பொத்தினாள். "ஐயோ. உங்ககிட்டே சொல்ல வேண்டாம்னாரு."

கால் குளிரும்... அவனுக்கு எப்படித் தெரியும், எப்போது தெரியும், குறட்டை விட்டுக்கொண்டுதானே கிடந்தான், விட்டானா, இல்லை நான்தான்... ஐயோ, ட்ரொன்ஹெய்மில் மூக்கு வளையம் போட்ட ஒருத்தியிடம் சொல்லத் தெரிகிறது, கட்டினவளிடம் சொல்ல வாய் வரவில்லை, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது அவளுக்கு, முன்னைவிட அதிகமாகவே எரிந்தது, போனைக் கண்டாலே ஓடுகிறவன், பல் டாக்டருக்குக்கூட நான்தான் போன் பண்ண வேண்டும், அவன் உட்கார்ந்து எண்ணைத் தேடி, எழுத்துக்கூட்டி, யாரோ ஒரு பெண்ணை நாடாவை எடுத்துக்கொண்டுபோய் அளக்க வைத்து... எங்கே உட்கார்ந்து பேசினான், கொட்டகையிலா, நான் கடைக்குப் போன நேரம் பார்த்தா? என்னிடம் கேட்டால் என்ன, திருடுகிற மாதிரி இதென்ன, கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்... சாவி கோட்டுப் பைக்குள் கனத்தது. மேலே அவன் என்ன செய்துகொண்டிருப்பான், காப்பி குடித்திருப்பான், நான் கட்டிலுக்கடியில் தேடியது என்னவென்று இந்நேரம் தெரிந்திருக்கும், தெரிந்துகொண்டு அந்தப் பெரிய வெள்ளை வயலைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றிருப்பான், கேட்கமாட்டான், கேட்கவே மாட்டான்.

"அப்ப இதை என்ன செய்யட்டும்?" என்றாள் டிரில், மடித்த போர்வைமேல் கையை வைத்தபடி. "கொண்டுபோறீங்களா?"

டோர்குன் வாயைத் திறந்தாள். கொண்டுபோகிறேன் என்று சொல்லத்தான் திறந்தாள், அல்லது வேண்டாம் என்று சொல்ல, இரண்டில் ஒன்று.

"பரவாயில்லே" என்றாள்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

அந்தப் பெண் நன்றாகச் சிரித்தாள், போர்வையைத் தூக்கிக்கொண்டாள், உள்ளே போய்விட்டாள். டோர்குனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, என்ன பெண் இவள், முகத்தைப் பார்த்தால் தெரியவேண்டாமா, நாலு மாடி இறங்கி வந்து ஒரு பொம்பளை இத்தனை சத்தம் போட்டாளே, வேண்டாததற்கா போடுவாள், வேண்டுமோ வேண்டாமோ, இன்னொரு தடவை கேட்டால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா, ஒரே ஒரு தடவை... கேட்டாள், இரண்டு தடவை கேட்டாள், நான் சொன்னேன், எடுத்துக்கொண்டு போனாள், அவள் வேறென்ன செய்வாள்... உள்ளே அலமாரிக் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. டோர்குன் மேசையைப் பார்த்தாள். அவளுடைய கைகள் இரண்டும், எதையோ வாங்கிக்கொள்ள நீட்டிய மாதிரி, இன்னும் அதன்மேல் மல்லாந்து கிடந்தன.