ஸ்டெப்னி இல்லாத ஃபியட்

ஸ்ரீனிவாசராகவன் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினாலே கூடையைக் கவிழ்த்துவிடுவார். டயர் வாங்க வந்தால் கேட்க வேண்டுமா? ஆழ்வார்பேட்டை டயர் கடையில் முக்கால் மணி நேரமாகக் கடைக்காரர் அப்துல் வஹீதின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். மகள் ஜானு காரின் முன் சீட்டில் இருந்தபடியே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒன்றுவிடாமல் பார்த்தாள். புது ரப்பர் வாடை அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த ஃபியட்டில் ஸ்டெப்னி கிடையாது. டிக்கியில் அது நின்ற இடத்தை நாலு வருஷமாக ஜானுவின் சக்கர நாற்காலி பிடித்துக்கொண்டிருந்தது. கிண்டியில் கம்ப்யூட்டர் வகுப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். "நடு ரோட்ல பஞ்சர் ஆனா உன்னை வெச்சுண்டு நான் என்ன பண்ணுவேன்? பஞ்சரே ஆகாத டயர் கிடைச்சா சேரலாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார் அப்பா. கடையிலும் அந்த டயரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்டி ஒரு டயர் எவன் சார் செய்றான்?" என்று சிரித்தார் வஹீத்.

"அப்போ பழசே போறும். பட்டன் தேயவே இல்லையே!"

வஹீத் முன்சக்கரத்தின் அருகே குந்தி, டயரின் பக்கவாட்டைத் தட்டிக் காட்டினார். ஜானு கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். தரையில் படும் பட்டன் பகுதி புதுசு மாதிரி இருந்தது. பக்கவாட்டிலோ பித்த வெடிப்புக் கண்ட குதிகால் போல எங்கும் கோடு கோடாகப் பிளந்திருந்தது.

"தேயாமலே எப்படி பாய் வெடிச்சது?" என்று கேட்டாள்.

"நின்னுகினே இருந்தா ரப்பர் வறண்டு பூடும்மா. ஓடினாதான் அதுக்கு உசுரு. வண்டி எவ்ளோ ஓடுது சார்?"

"மாசம் ஒரு நடை, டாக்டரைப் பாக்க" என்றார் அப்பா பெருமையாக. "பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன்."

"அதான் சார் கெட்டுப்பூச்சு."

ஜானுவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது நின்றது.

"அப்பா, என்னையும் அப்படித்தானே வெச்சிண்டிருக்கேள்?"

அவர் உட்கார்ந்து அந்த வெடிப்புகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஜானு பயந்தாள்.

அப்பா எழுந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பாய், நாலையும் மாத்திடுங்கோ. திங்கட்கிழமையிலேர்ந்து தினம் கிண்டிக்குப் போயிட்டு வரணும். அதுக்கு எது தாங்கும்னு அவகிட்டயே காட்டுங்கோ."