ஐந்து மாடி வருத்தம்

புள்ளியியல் துறையில் வேலை பார்ப்பதால் அவளுக்குப் 'புள்ளி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய புள்ளி ஒன்றுமில்லை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கேள்வி கேட்கிற சின்னப் புள்ளிதான். வருமானம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று கேட்டே ஜனங்களின் முகச்சுளிப்பைச் சம்பாதித்தவளுக்கு அந்த வருஷம் புதிதாக ஒரு வேலை வந்தது. நாட்டின் வருமானம் ஏறுகிறது, சரி. மனுஷன் நன்றாக இருக்கிறானா என்று எப்போதாவது கேட்டோமா என மேலதிகாரிக்குத் திடீரென்று ஞானோதயம். நிம்மதியாகத் தூங்குகிறார்களா, பேச ஆள் இருக்கிறதா, அவசரத்துக்கு யாராவது வருவார்களா, மொத்தத்தில் வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவார்கள் என்று விசாரித்து வரச் சொன்னார்.

புள்ளியின் பங்குக்கு விழுந்தது, லிப்ட் செத்துப்போன ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பு.

தரைத்தளத்தில் முதல் வீடு தையல்காரருடையது. காஜா எடுத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தவர், "எட்டு போட்டுக்கம்மா" என்றார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கரண்டியோடு அவர் மனைவி வெளியே வந்தாள். "எட்டா? எனக்குத் தெரியாம இந்த வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு எட்டு?"

"உன்னைக் கட்டிக்கிட்ட சந்தோஷத்துல சொன்னேன்."

"அப்ப எனக்கு நாலு போடுங்க மேடம். இவரைக் கட்டிக்கிட்டதுக்கு."

தையல்காரர் விரலில் ஊசி குத்தியது. "நாலா? போன வாரம்கூட உங்க அக்காகிட்ட போன்ல, 'எனக்கென்ன குறை'ன்னு சொன்னியே."

"அக்காகிட்ட அப்படித்தான் சொல்லணும். சர்க்கார்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?"

ஆளுக்கு ஆறு என்று ராசியாகிவிடலாம் எனத் தையல்காரர் பேரம் பேசிப் பார்த்தார். அவரவர் மார்க் அவரவருக்கு என்பது விதி. எட்டையும் நாலையும் குறித்துக்கொண்டு, சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்தபடி புள்ளி படியேறினாள்.

அவள் முதல் மாடியை எட்டுவதற்குள் ஒரு சேதி அவளை முந்திக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கொண்டுபோனவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வண்டியை விட்ட பிறகு மாடிப்படிதான் அவருக்கு ரூட். 'மார்க் குறைஞ்ச கட்டடத்துக்குத்தான் முதல்ல லிப்ட் சரிபண்ணுவாங்களாம்' என்று ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி அறிவித்துவிட்டார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதன்பிறகு முட்டை மழைதான். இரண்டாம் மாடியில் நான்கு வீட்டுப் பெண்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். புள்ளியின் தலையைக் கண்டதும் நான்கு முகமும் இழவு வீட்டு முகமாயின.

"பூஜ்யம் போடுங்க. வாய்விட்டுப் பேசக்கூட ஆளில்ல" என்றாள் ஒருத்தி. பக்கத்திலிருந்தவள் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். அது அழுகை இல்லை என்பது புள்ளிக்குத் தெரியாதா?

"அவசரம்னா யாராவது வருவாங்களா?"

"ஈ காக்கா வராது" என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அதற்குள் தையல்காரரும் மனைவியும் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். "எங்க எட்டையும் நாலையும் அடிச்சுடும்மா. ரெண்டு பேருக்கும் முட்டை. இதுல நாங்க ஒத்துமை."

அறிக்கையைப் பார்த்த மேலதிகாரி ஆடிப்போனார். "ஒழுங்காக் கேட்டியா நீ?"

"கேட்டேன் சார். அவங்க சொன்னதை எழுதினேன். நம்பினியான்னு ஃபாரத்துல கேள்வி இல்ல."

நேரில் பார்த்தே தீருவேன் என்று அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவருக்குக் கண் இருட்டியது, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், கதவுகள் படபடவென்று திறந்தன. ஒரு வீட்டிலிருந்து நாற்காலி வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து தண்ணீர். நான்காம் மாடி நர்ஸ் பாதி வாரிய தலையோடு ஓடிவந்து நாடி பிடித்தாள். தையல்காரர் சட்டைப் பொத்தானை ஒரு நொடியில் கழற்றினார். நாலு பேர் நாற்காலியோடு தூக்க, டிரைவர் முன்னால் நின்று, "லெஃப்ட்ல ஒடி, வரட்டும் வரட்டும்" என்று அவரைக் கீழே இறக்கிவிட்டார்.

முகத்தில் ரத்தம் திரும்பியதும் மேலதிகாரி சுற்றிலும் பார்த்தார். "அவசரத்துக்கு யாரும் வரமாட்டாங்கன்னு எல்லாருமே சொல்லியிருக்கீங்களே?"

டிரைவர் கண் இமைக்கவில்லை. "அது எங்களுக்கு சார். நீங்க விருந்தாளி."

புள்ளி அவசரமாக மேற்கூரையை ஆராய்ந்தாள்.

மேலதிகாரி நல்லவர்தான். ஆனால், "லிப்ட் நம்ம துறை இல்ல. வருத்தம்தான் நம்ம துறை" என்று சொல்லி, வாராவாரம் மொட்டைமாடியில் சிரிப்புப் பயிற்சி தர ஒருவரை அனுப்பிவைத்தார். பயிற்சியாளர் நல்ல வாட்டசாட்டம். முதல் வாரம் மேலே வந்து சேர்ந்தவருக்குச் சிரிக்க மூச்சில்லை. அடுத்த வாரம் மூன்றாம் மாடியோடு நின்று, அங்கிருந்தே "ஹா ஹா" என்று குரல் கொடுத்தார். மறு வாரம் முதல் படியிலேயே உட்கார்ந்து, கட்டடங்களைப் பராமரிக்கும் இலாகாவில் இருந்த தன் மச்சானுக்குப் போன் போட்டார். "இன்னொரு தடவை நான் ஏறினா, உன் அக்காவை நீதான் வெச்சுக் காப்பாத்தணும்."

மச்சானுக்கு அக்காவைத் தெரியும். பத்தே நாளில் லிப்ட் ஓடியது.

மறுவிசாரணைக்குப் புள்ளி வந்தபோது எல்லோரும் பூரித்துக் கிடப்பார்கள் என்று நினைத்தாள். இரண்டாம் மாடிப் பெண்ணோ அலுத்துக்கொண்டாள். "ஏறுறோம், இறங்குறோம். ஒரு முகம் பாக்க முடியல. மேல்வீட்டுல என்ன சண்டைன்னே தெரியாம ஒரு வாரம் போயிடுச்சு."

அதற்கும் டிரைவரே வழி கண்டிருந்தார். லிப்டுக்குள் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். யார் எந்த மாடி சொன்னாலும் வண்டி எல்லா மாடியிலும் நிற்கும். சேதி ஏறி, சேதி இறங்கிய பிறகே நகரும். புள்ளி "அஞ்சு" என்றாள். மூன்றாம் மாடியில் ஏழெட்டுப் பேர் வாசலில் கூடிவிட்டார்கள். கதவை மூடச் சொல்லி லிப்ட் கீச்கீச்சென்று அலறியது.

"அது கிடக்குது" என்றார் டிரைவர். எழுந்து முக்காலியை அவள் பக்கம் தள்ளினார். "எல்லாரையும் கேட்டுக்கிட்டே போறியே. நீ எப்படிம்மா இருக்க?"

இத்தனை வருஷ வேலையில் அவளை யாரும் கேட்டதில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, முக்காலியில் வசதியாக உட்கார்ந்து, புள்ளி தன் மாமியாரிலிருந்து ஆரம்பித்தாள்.