துடைக்காத பிரஷ்

ஜும்ராத் பிரஷின் நுனியை மட்டும் மஞ்சள் பெயிண்டில் தொட்டு, துணியில் துடைதுடையென்று துடைத்து, விருந்தறையின் நீலச் சுவரின் சொரசொரப்பில் மேலாக இழுப்பாள். மேடுகளில் மட்டும் மஞ்சள் பொடி பொடியாக ஒட்டும்; அதுதான் அந்த வேலையின் அழகு. மாமனார் ஹோல்மத்துக்கு அது பொறுக்கவில்லை. சாயங்காலம் அவர் மகளைப் பெண் கேட்டுச் சம்பந்திகள் வருகிறார்கள். பெயிண்டுக்குக்கூட வக்கற்ற குடும்பம் என்று மர்கிலான் ஊர் முழுக்கப் பேச மாட்டார்களா?

மருமகள் தந்தூர் அடுப்பில் ரொட்டி சுடப் போனதும், பிரஷை முழுக்க முக்கி வாசலோரச் சுவரில் ஓர் இழுப்பு இழுத்தார். பெயிண்ட் வழிந்து பள்ளங்களை அடைத்தது. துணியால் தேய்த்தார். கறை தாம்பாளம் அளவுக்கு விரிந்தது. சத்தமில்லாமல் திராட்சைப் பந்தலின் கீழே போய் உட்கார்ந்துகொண்டார்.

"என்னடி இது, மாடு நக்கின மாதிரி?" மனைவியின் குரல் முற்றத்துக்குக் கேட்டது. "திரும்பப் பூசிக் காயவைக்க நேரம் ஏது? இதுதான் உங்கம்மா சொல்லிக்கொடுத்த லட்சணமா?"

ஜும்ராத் வெளியே பார்த்தாள். மாமனாரின் அங்கிக் கையில் மஞ்சள்.

"கை தவறிடுச்சு அத்தை."

பிறகு வேறொரு அங்கியைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதப் போட்டுக்குங்க மாமா. அது கசங்கியிருக்கு."

அவர் மாற்றிக்கொண்டார். சலவைத் துணி முள்ளாய் உறுத்தியது.

சம்பந்திகள் வந்தபோது, கறையை முதுகால் மறைத்து வாசலோரமே உட்கார்ந்துவிட்டார். வாசலுக்கு எட்டத்தில் உள்ள மெத்தைதான் பெரியவர்களுக்கு. வீட்டுத் தலைவரே செருப்போரம் இருக்க, யார் அவரைத் தாண்டி மேலே போவார்கள்?

"மேல வாங்க சம்பந்தி," என்று அவரையே கூப்பிட்டார் வந்த சம்பந்தி.

"எனக்கு இங்கதான் காத்து."

"அப்ப எங்களுக்கும் இங்கதான்." வந்தவர்கள் அத்தனை பேரும் செருப்புகளுக்கு நடுவே குந்தினார்கள். பழமும் ரொட்டியும் அந்தக் கோடியில் அநாதையாகக் கிடந்தன.

"பொண்ணு தர மனசில்ல போல. வாசலோட அனுப்பப் பாக்குறாரு," என்றார் அவர்களில் ஒரு கிழவர்.

ஹோல்மத் எழுந்தார். எல்லார் கண்ணும் கறையில் விழுந்தது.

"மருமக கைவண்ணமா?" என்று சம்பந்தி சிரித்தார்.

தேநீரோடு வந்த ஜும்ராத், "ஆமா, என்…" என்று ஆரம்பித்தாள்.

"அவளுது இல்ல. என் கை," என்றார் ஹோல்மத். "மத்த சுவரெல்லாம்தான் அவளுது. பழிய அவ மேல விட்டுட்டு, இத்தன நேரம் உக்காந்திருந்தேன்."

"அட, தாராளமான கைதான்!" என்றார் கிழவர். அறையே சிரித்தது. ஹோல்மத் சிரிக்கவில்லை.

ஜும்ராத் முதல் கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள். வாங்கிய விரல்களின் நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை.