வலது பக்கம் ஒன்றேகால் இஞ்ச்

பள்ளிக்கூடத்தில் கொடுத்த சீட்டை மயிலாள் நீட்டியபோது பழனியம்மாள் அதை வாங்கவில்லை. கை ஈரமாக இருக்கிறது, நீயே படித்துச் சொல் என்றாள். கை ஒன்றும் ஈரமாக இல்லை.

“முதுகெலும்பு வளைவு. கோவையில் எலும்பு டாக்டரிடம் உடனே காட்டவும்னு எழுதியிருக்குதும்மா,” என்றாள் மகள்.

எட்டாம் வகுப்பு, பதின்மூன்று வயது. ஊரில் எல்லாப் பெண்களுக்கும் ஸ்டைலாகப் பேர் இருக்க, எனக்கு மட்டும் ஏன் இந்தப் பேரை வைத்தாய் என்று அப்பனிடம் தினமும் மல்லுக்கு நிற்கிற பெண். அன்றைக்குப் பையைக்கூட இறக்காமல் வாசல்படியிலேயே நின்றாள்.

கோயமுத்தூரிலிருந்து வந்த டாக்டரம்மா பெண்களை ஒவ்வொருத்தியாக அறைக்குள் கூப்பிட்டு, சாமி கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு முன்னால் குனியச் சொன்னாராம். மற்றவர்களை ஒரே பார்வையில் அனுப்பிவிட்டு, இவளை மட்டும் மூன்று தடவை குனிய வைத்தாராம்.

“சட்டையோடயா கண்ணு?”

“இல்லம்மா. கழட்டச் சொல்லிட்டாங்க. சிம்மீஸோடதான். போன வருசம் வந்த நர்சம்மா சும்மா வரிசையா நிக்க வெச்சுப் பாத்துட்டுப் போயிட்டாங்கல்ல, இவங்க அப்படி இல்ல.”

சட்டையைக் கழற்றிப் பார்க்கிற டாக்டர் ஒருத்தி வருவாள் என்று பழனியம்மாள் நினைத்தே பார்க்கவில்லை.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் டெய்லர். பதினோரு வருஷமாகத் தையல்தான் சோறு போடுகிறது. பனியன் துணிக்கு ஒரு குணம் உண்டு. தைக்கிறபோது யோக்கியமாக இருக்கும். ஒரு தடவை தண்ணீர் பட்டதும் முறுக்கிக்கொண்டு, இடுப்போரம் இருக்க வேண்டிய தையல் வயிற்றுக்கு வந்து நிற்கும். அதனால் இந்த ஊரில் எந்தச் சட்டை கோணினாலும் முதலில் திட்டு வாங்குவது துணிதான். போட்டிருக்கிற ஆளை யாரும் பார்க்க மாட்டார்கள்.

போன வருஷம் ஜூனில் மயிலாளுக்கு யூனிபார்ம் தைத்தபோது, சட்டையின் வலது பக்கம் அரை இஞ்ச் தூக்கிக்கொண்டு நின்றது. பனியன் துணி இல்லை, கடையில் வாங்கிய வெள்ளைத் துணி. ஆனாலும் பழக்கதோஷம், துணியைத் திட்டிவிட்டு, வலது பக்கம் மட்டும் மடிப்பைப் பிரித்து இறக்கி விட்டாள். தீபாவளிச் சட்டைக்கு முக்கால் இஞ்ச் இறக்க வேண்டியிருந்தது. இந்த ஜூனில் ஒன்றேகால்.

முதல் தடவை துணியைத் திட்டியது நியாயம். இரண்டாம் தடவையும் போகட்டும். மூன்றாம் தடவை அவள் மகளின் வெறும் முதுகில் டேப்பை வைத்தாள். வலது தோள்பட்டை எலும்பு இடது பக்கத்தைவிட மேடாகப் புடைத்துக்கொண்டிருந்தது. பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, கம்பெனியிலிருந்து கொண்டு வந்த பனியன் வேஸ்ட் துணியை நாலாக மடித்து, இடது தோளுக்குள் வைத்துத் தைத்தாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூன் என்று ஒரு வாய் சொன்னால் போதும், ஊர் வாய் நூறாகச் சொல்லும். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் காதுவரை போகும். வளர்கிற பிள்ளை, தானாகச் சரியாகிவிடும் என்று மாரியம்மனிடமும் சொல்லி வைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கை தேர்ந்த டெய்லராக இருந்தால் சட்டையில் மறைக்கலாம்.

புருஷன் மருதாசலம் வேலை முடிந்து வந்து சீட்டைப் படித்ததும் குதித்தான். வேறொரு கம்பெனியில் அவன் செக்கிங் சூப்பர்வைசர். பத்தடி தள்ளி நின்று பனியனில் ஒரு நூல் விட்டிருப்பதைக் கண்டுபிடிக்கிற மனுஷன்.

“எங்க வம்சத்துலயே யாருக்கும் கூன் கெடையாது. போன வருசம் நல்லாருக்குதுன்னு சொல்லிட்டு, இப்ப வளைஞ்சிருச்சுன்னா என்ன அர்த்தம்? ஏம்புள்ள, நீ ஏதாச்சும் பாத்தியா?”

“இல்லீங்க,” என்றாள் பழனியம்மாள்.

அந்த ஒரு வார்த்தை அடுத்த நாலு நாளும் அவளைத் தின்றது. கம்பெனியில் மறுநாள் மூன்று ஊசி ஒடித்தாள். பக்கத்து மெஷினில் தைக்கிற கருத்தம்மா ராமநாதபுரம் பக்கத்துக்காரி. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆறுதல் சொன்னாள்.

“எதுக்குக்கா இப்படிப் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? வெரசாக் கண்டுபிடிச்சிட்டாகல்ல, சரியாப் போயிரும். விட்டு வச்சிருந்தாத்தான் ஆபத்து.”

பழனியம்மாள் நாலாவது ஊசியையும் ஒடித்தாள்.

திங்கட்கிழமை மூன்று பேரும் கோயமுத்தூர் பஸ் ஏறினார்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது சும்மா இல்லை. சொல்லிவிடலாமா என்று அவினாசி தாண்டும்வரை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பழனியம்மாள் நினைத்தாள். மயிலாள் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எக்ஸ்ரே படத்தை டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டினார். நரைத்த தலை, நிதானமான பேச்சு. படத்தில் மயிலாளின் முதுகெலும்பு வலது பக்கமாக வளைந்து போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு பழனியம்மாளால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

“முப்பத்தி நாலு டிகிரி இருக்குதுங்க. எப்ப மொதல்ல கவனிச்சீங்க?”

“இப்பத்தானுங்க,” மருதாசலம் முந்திக்கொண்டான். “போன வருசம் ஸ்கூல்ல பாத்தப்ப கோடு போட்ட மாதிரி நேரா இருந்துச்சுங்க. ரெண்டு மாசத்துக்குள்ளதான் வந்திருக்கோணும். இல்லீன்னா எங்க கண்ணுல படாமப் போகுங்களா?”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

“ரெண்டு மாசத்துல இவ்வளவு வளைஞ்சிருந்தா அது நல்லதில்லீங்க. முதுகுத்தண்டுக்குள்ள கட்டி கிட்டி இருக்குதான்னு பாக்கோணும். மெட்ராஸுக்கு அனுப்பறேன். அங்க பாத்துட்டு ஆபரேசன்கூடச் சொல்லலாம்.” மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மெதுவா, ஒரு வருசம் ஒன்றரை வருசமா வந்திருந்தா விசயமே வேற. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

மயிலாளின் முகம் வெளுத்துவிட்டது. கட்டி என்கிற வார்த்தை அந்தப் பிள்ளையின் கண்ணில் நிற்பதைப் பழனியம்மாள் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

“ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க,” என்றாள்.

புருஷன் திரும்பினான். அவள் அவன் பக்கமே பார்க்காமல், கம்பெனியில் மேனேஜருக்கு அளவு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தாள்.

“போன வருசம் ஜூன்ல அரை இஞ்சுங்க. தீபாவளிக்கு முக்கால். இந்த ஜூன்ல வலது பக்கம் ஒன்றேகால் இஞ்ச் எறக்குனேனுங்க. இடது தோளுக்கு உள்ள துணி வெச்சுத் தெச்சேன். எம்பட கையாலதானுங்க அத்தனையும். நான் பாத்தேனுங்க. பாத்துட்டுத்தான் மறைச்சேன்.”

டாக்டர் கோபப்படவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

“அப்படீன்னா மெட்ராஸ் வேண்டாங்க. எலும்பு இன்னும் வளருது, முதுகுக்குப் பெல்ட் போடலாம். குளிக்கற நேரம் தவிர ராப்பகலாப் போட்டிருக்கோணும், வளர்த்தி நிக்கற வரைக்கும். இதுக்கு மேல வளையாமத் தடுக்கத்தான் பாப்போம். வளைஞ்சது நிமிராதுங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “போன தீபாவளிக்கே வந்திருந்தீங்கன்னா, பாதியோடயே நிறுத்திப் பாத்திருக்கலாம்.”

பெல்ட்டுக்கு அளவெடுக்கிற அறைக்கு வெளியே பெஞ்சு போட்டிருந்தது. மருதாசலம் உட்காரவில்லை. வராந்தாக் கோடியில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அம்மாவும் மகளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் திட்டுவாள், அழுவாள், இனி தன்னிடம் முகம் கொடுத்தே பேச மாட்டாள் என்று பழனியம்மாள் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள்.

“எனக்கும் தெரியும்மா,” என்றாள் மயிலாள்.

“என்ன கண்ணு?”

“சோப்புப் போடறப்ப முதுகுல ஒரு பக்கம் மேடாத் தட்டும். அப்பவே உங்கிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ புதுச் சட்டையைப் போட்டுட்டு, கண்ணாடி முன்னால நிறுத்தி, இப்பப் பாரு கண்ணு, எல்லாம் சரியாப் போச்சுன்னு சொன்னே.” அவள் குரலில் கோபமே இல்லை. “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேம்மா.”