டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வி

தேர்வு முடிந்த பிறகும் ஆறேழு பேராவது பெரியவர்களுக்கான இங்கிலீஷ் வகுப்புக்கு வருவார்கள் என்று டீச்சர் நினைத்திருந்தாள். வந்தது ஒருத்திதான். வேன் ஓட்டுபவர் தேர்வறை வாசலிலேயே, "இனிமே இங்கிலீஷுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல" என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார். மற்றவர்களும் அப்படித்தான். ஹோட்டல் சலவைப் பிரிவில் படுக்கைவிரிப்பு தேய்க்கும் அக்கா மட்டும், வழக்கமான கடைசி பெஞ்சை விட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"பரீட்சைதான் முடிஞ்சிடுச்சேக்கா, இனி உங்க இஷ்டம். என்ன கத்துக்கணும், சொல்லுங்க."

"டாக்டர் பேசறது புரியணும் டீச்சர்."

அவள் கணவருக்கு ஈரலில் கட்டி. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. கூடப் போகும் மகன்தான் கேட்டுக் கேட்டுச் சொல்வான்.

"அவரு மூச்சு விடாம பேசறாரு டீச்சர். இவன் 'ஒண்ணும் பயமில்லம்மா'ன்னு ஒரே வரியில முடிச்சிடறான். மீதியெல்லாம் எங்க போச்சு?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

டீச்சர் இலக்கணப் புத்தகத்தை மூடிவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டராக உட்கார்ந்தாள். கட்டி, பரவியது, வலி, மிச்சமிருக்கும் காலம். அந்த வார்த்தைகளை இங்கிலீஷில் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள். அக்கா விடவில்லை. "டாக்டர், டெல் மீ தி ட்ரூத்" என்று நாக்கு பழகும்வரை சொல்லிப் பார்த்தாள்.

"இன்னும் வேகமா பேசுங்க டீச்சர். அவரு என்ன, எனக்காக நிறுத்தி நிறுத்தியா பேசப்போறாரு?"

அடுத்த வாரம் வந்தவள் தோளில் கிடந்த பையைக்கூட இறக்கவில்லை.

"கேட்டீங்களாக்கா?"

"கேக்க வேண்டியே வரல. டாக்டர் அவன்கிட்ட சொன்னதே எனக்குப் புரிஞ்சுபோச்சு. மாசக்கணக்கு இல்லையாம். வாரக்கணக்குதானாம்."

"தம்பி என்ன சொன்னாரு?"

"மருந்து மாத்தியிருக்காங்க, தேறிடுவாருன்னான். குரல் நடுங்காம சொல்லணும்னு பிள்ளை பட்ட பாடு இருக்கே... சரிப்பான்னு தலையாட்டிட்டேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவான் டீச்சர்."

அன்று பாடம் நடக்கவில்லை.

தேர்வு முடிவு வந்தபோது அவள் கணவர் போய்ச் சேர்ந்திருந்தார். துக்கம் விசாரிக்கப் போன டீச்சருக்கு மகன் நாற்காலி எடுத்துப் போட்டான். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, உங்களுக்கே தெரியுமே. ஒரு விதத்துல நல்லதாப் போச்சு டீச்சர். கடைசிவரைக்கும் நான் வாயைத் திறக்கல. அதுவரைக்குமாவது நிம்மதியா தூங்கினாங்க."

சுவரில் சாய்ந்திருந்த அக்கா நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். நாக்கு நுனிவரை வந்த தேர்வுச் சேதியை டீச்சர் விழுங்கிக்கொண்டாள்.

"ஆமா தம்பி. நல்லதுதான் செஞ்சீங்க."

வழியனுப்ப வந்த அக்கா, படியிறங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "ரிசல்ட் வந்துடுச்சா?"

"பாஸ் பண்ணிட்டீங்கக்கா. நல்ல மார்க்."

"அவன்கிட்ட இப்ப வேண்டாம் டீச்சர். அம்மாவையாவது காப்பாத்தினோம்னு நெனச்சிட்டிருக்கான். இருக்கட்டும்."

சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. உள்ளே கேட்டுவிடக் கூடாதென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, டீச்சரின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினாள்.