விடுபட்ட பிரேம்கள்

ஆதித்தனுக்கும் எனக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது.

தேனி அல்லிநகரத்தில் ஒரு மாடியில் ஓடிக்கொண்டிருந்த லோக்கல் சேனலில் 2006 கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை நேரலை ஒளிபரப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஆதித்தன். அவர் காலத்தில் வாய் முதலில் அசையும், பேச்சு பின்னால் வந்து சேருமாம். ஊரே சிரித்ததில் முதலாளி ஞானசிகாமணி அவரை நாற்காலியிலிருந்து எழுப்பி, விளம்பரம் எடிட் செய்யும் அறைக்கு அனுப்பிவிட்டார். மதுரையில் டிப்ளமோ முடித்திருந்த என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ஆறு வருசம் நான் ஒக்காந்த சீட்டு. தொடச்சுட்டு ஒக்காரு" என்றார் ஆதித்தன். என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். பதிலுக்கு நான் உண்மையிலேயே கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைத்தேன்.

வேலை இதுதான். கேமராவிலிருந்து வரும் படமும் சத்தமும் கம்ப்யூட்டருக்குள் நுழையும். அந்த நொடியிலேயே சேனல் பெயரை ஒட்டி, ரெண்டையும் சேர்த்து, கேபிளுக்கு அனுப்ப வேண்டும். நொடிக்கு இருபத்தைந்து பிரேம். மெஷினுக்கு மூச்சு முட்டினால் நடுநடுவே பிரேம்களை விட்டுவிடும். படம் திக்கும், சத்தம் தனியாக ஓடும். திரையின் ஓரத்தில் எத்தனை பிரேம் போகிறது, எத்தனை விடுபட்டது என்று ரெண்டு எண்கள் இருக்கும். இன்னொரு சின்னப் பெட்டியில் பச்சைக் கோடாகப் பிராசசரின் சுமை. அது எழுபது சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. தொண்ணூறைத் தாண்டினால் உடனே எதையாவது மூட வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு நாள், டாக்டர் ஒருவர் நேயர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது விடுபட்ட எண் சடசடவென்று ஏறியது. தேடிப் பார்த்தால், ஆதித்தனின் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாக என் மெஷினுக்குள் வந்து பெரிய பெரிய விளம்பர பைல்களை இழுத்துக்கொண்டிருந்தது. எழுந்து அவர் அறைக்குப் போனேன்.

"லைவ் ஓடும்போது என் மெஷின்ல கை வைக்காதீக."

"ஒன் மெஷினா? ஒங்கப்பா போடியில வச்சிருக்க கடையிலருந்து தூக்கிட்டு வந்தாகளோ?"

"எங்கப்பாவ எதுக்கு இழுக்கீக? பைல அப்புறம் எடுத்தா கொறஞ்சா போயிரும்?"

"எனக்கு இப்ப வேணும். முடிஞ்சா நீ சமாளி. டிப்ளமோல்ல படிச்சிருக்க."

மார்ச்சில் இன்னொரு முறை அதே போல நடந்தது. அன்றைக்கு அவர் கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் முதலாளியிடம் போனேன். அந்த நெட்வொர்க் வழியை அடைத்துவிடச் சொன்னேன். விளம்பரமெல்லாம் என் மெஷினில்தான் இருக்கிறது, அடைக்க முடியாது என்றுவிட்டார்.

"ஏம்மா, அவன் ஒன்னயச் சொல்றான், நீ அவனைச் சொல்ற. கையும் களவுமாக் காட்டு. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

காட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன். திரையில் நடப்பதையெல்லாம் அப்படியே வீடியோவாகப் பிடித்து வைக்கும் மென்பொருள் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் என் மெஷினில் ஏற்றினேன். உள்ளே யார் வந்திருக்கிறார்கள் என்ற பட்டியல், எது எவ்வளவு சுமை தருகிறது என்ற பட்டியல், ஓரத்தில் மணி, மூன்றும் பதிவாகும். ஒரு கேமராவோடு செய்தி வாசிப்பில் போட்டுப் பார்த்தேன். சுமை எழுபத்தைந்தைத் தொட்டது. தாங்கும் என்று நினைத்தேன்.

சித்திரைத் திருவிழா வந்தது. வீரபாண்டியிலிருந்து தேரோட்டம் நேரலை. வருசத்தில் எங்கள் சேனலை எல்லோரும் பார்க்கும் ஒரே நாள் அது. கேமராமேன் சுயம்புலிங்கம் ரெண்டு கேமராவோடு அங்கே போயிருந்தார். படம் கம்பம் கம்பமாகக் கட்டிய கேபிளில் எங்கள் மாடிக்கு வந்தது. காலையிலேயே ஆதித்தனிடம், "இன்னைக்கு ஏதாச்சும் வெளையாண்டீக, அம்புட்டுதான்" என்றேன். அவர் என்னை முறைத்துவிட்டுப் போனார். அந்த முறைப்பை நான் பதிலாக எடுத்துக்கொண்டு, பதிவு மென்பொருளை ஓடவிட்டேன்.

நாலு மணிக்கு ரெண்டாவது கேமராவும் உள்ளே வந்தது. பச்சைக் கோடு எண்பத்தைந்துக்குப் போனது. நாலரைக்குத் தொண்ணூற்று நாலு. என் கை மவுஸில்தான் இருந்தது. ஒரு விண்டோவை மூடியிருந்தால் இறங்கியிருக்கும். மூடவில்லை. 'ஆரம்பிச்சுட்டான், நல்லா மாட்டட்டும்' என்றுதான் மனசு சொன்னது. சுமைப் பட்டியலில் முதல் வரியில் என்ன பெயர் இருக்கிறது என்றுகூட நான் பார்க்கவில்லை. யார் என்றுதான் எனக்கு ஏற்கெனவே தெரியுமே.

வடத்தைப் பிடித்து இழுத்தார்கள். தேர் ஒரு குலுங்கு குலுங்கியது. பிரேம் எண் இருபத்தைந்திலிருந்து பதினொன்றானது, நாலானது. படம் அப்படியே நின்றுவிட்டது. கொட்டுச் சத்தமும் குலவையும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. சுயம்புலிங்கம் போனில் கத்தினார்: "இங்கன டிவியில தேரு நிக்குது ஜான்சி! நெசத்துல ஓடிக்கிட்டுருக்கு!" செய்தி வாசிக்கும் சொர்ணலதா வெளியே ரெண்டு ரிசீவரை ரெண்டு காதில் வைத்துக்கொண்டு நேயர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் மெஷினை அணைத்துப் போட்டேன். படம் திரும்ப வந்தபோது ஏழு நிமிடம் போய்விட்டது. தேர் தெரு முனையைத் திரும்பியிருந்தது.

முதலாளி படியேறி வந்த வேகத்தில், "யாரு?" என்று மட்டும் கேட்டார்.

"ஆதித்தன்தான். நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றேன்.

ஆபீசில் இருந்த அஞ்சு பேரும் பார்க்க, முதலாளி அவரை அறைந்தார். ஆதித்தனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கன்னத்தில் கை வைக்காமல் நின்றார்.

"இன்னைக்கு நான் தொடலண்ணே."

"அப்ப மத்த நாளு தொட்டியா? வெளிய போடா நாயே."

அவர் போகும்போது என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. எனக்கு அன்றைக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை, அந்தப் பதிவை ஒரு சிடியில் போட்டு முதலாளியிடம் கொடுத்து வைக்கலாம் என்று திறந்தேன். மெஷினை அணைப்பதற்கு முந்தி ஒரு நிமிடம்வரை பதிவாகியிருந்தது. மணி நாலரை. உள்ளே வந்தவர்கள் பட்டியல் காலியாக இருந்தது. பின்னால் ஓட்டினேன், முன்னால் ஓட்டினேன். மதியத்திலிருந்தே காலி. சுமைப் பட்டியலின் முதல் வரியில், நாற்பது, நாற்பத்தெட்டு என்று ஏறிக்கொண்டிருந்தது நான் ஏற்றிய மென்பொருளின் பெயர். அவரைப் பிடிக்க நான் வைத்த பொறிதான் படத்தை நிறுத்தியிருந்தது.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அழித்துவிடலாம் என்று ரெண்டு தடவை கையை வைத்தேன். வியாழக்கிழமை முதலாளியிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"இத யார்கிட்டயும் சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. ஊரு பாக்க அடிச்சுப்புட்டேன். இப்பப் போயி அவன் கால்ல விழச் சொல்றியா? அழிச்சுட்டு வேலையப் பாரு."

அழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் சின்னமனூருக்குப் பஸ் ஏறினேன். ஆதித்தன் அங்கே ஒரு கல்யாண வீடியோ கடையில் சேர்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகூட நிற்கவில்லை. சொல்ல வேண்டியதை நின்றபடியே சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு, "பிப்ரவரியில பண்ணது நான்தான். மார்ச்லயும் நான்தான். வேணும்னேதான் பண்ணேன்" என்றார். "தேரன்னைக்குத் தொடல. எங்காத்தாவுக்கு இடுப்பு ஒடஞ்சு மூணு மாசமாப் படுக்கை. வருசா வருசம் நடந்தே வீரபாண்டிக்குப் போற பொம்பள. கட்டிலுக்கு நேரா டிவிய வச்சுட்டு வந்திருந்தேன். நான் தொடுவனா?"

"தப்புதான்."

"இங்கன வந்து தனியாச் சொல்லி என்ன பிரயோசனம்? அங்கன அஞ்சு பேரு பாத்தாகல்ல? அவுக முன்னால சொல்லு."

"சொல்றேன்."

"நீ சொல்ல மாட்ட. போ."

அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே, மறுநாள் காலை எல்லோரும் வந்த பிறகு, பதிவை ஓடவிட்டேன். சொர்ணலதா, சுயம்புலிங்கம், மற்றவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். காலியான பட்டியலைக் காட்டினேன், முதல் வரியைக் காட்டினேன். "அவுக தொடல. நான்தான் நிறுத்துனேன். நான்தான் அவுக பேரச் சொன்னேன்" என்றேன். முதலாளி பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"ஒன்னையும் அறைஞ்சிருக்கணும். பொம்பளையாப் போய்ட்ட" என்றார். பையை எடுத்துக்கொண்டு அப்போதே இறங்கிவிட்டேன்.

ஆதித்தனை அவர் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன் என்று ஆதித்தன் சொன்னதாக சுயம்புலிங்கம் பின்னால் என்னிடம் சொன்னார். நான் மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். அடுத்த வருசம் உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்தில் அவரும் நானும் எதிரெதிரே வந்தோம். அவர் தோளில் கேமரா, என் கையில் மைக் ஒயர்.

"ஆத்தா எப்படி இருக்காக?" என்று கேட்டேன்.

"ஒனக்கு எதுக்கு அது?" என்றார். "ஒயர எடு, கால்ல மிதிபடுது."

எடுத்தேன். அவர் தாண்டிப் போனார். எனக்கும் அவரை இன்றுவரை பிடிக்காது.