சலவை மெஷின் பாயிண்டில் ஒரு கார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, அணைந்து கிடந்த ஒரு சுவிட்சிலிருந்து வந்தது. காலையில் எழுந்து அப்பா வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், என் மின்சாரக் கார் ராத்திரி முழுக்க பிளக்கில் மாட்டியிருந்தும், முந்தின நாள் சாயங்காலம் இருந்த அதே சார்ஜில் நின்றது. சுவரில் இருந்த சுவிட்சை யாரோ அணைத்திருந்தார்கள். அன்று வீட்டில் இருந்தது நானும் அப்பாவும்தான், ஆகவே துப்பறியும் கதையாக எழுத வழியில்லை.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

வாழ்நாளெல்லாம் பெட்ரோல் பங்க் நடத்திய ஒருவரைப் பார்க்க, அவருடைய ஒரே மகள் பெட்ரோலே குடிக்காத காரில் வந்து இறங்கினாள். அவர் முகம் சட்டென்று –

அடித்துவிட்டேன். அவர் முகம் ஒன்றும் ஆகவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மூடி எங்கம்மா இருக்கு?" என்றார். காட்டினேன். திறந்து தொட்டுப் பார்த்தார். பிறகு விரலை மோந்து பார்த்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

அந்தப் பெரிய பிளக்கைத் தாங்குகிற பாயிண்ட் வீட்டில் ஒன்றுதான் உண்டு. சலவை மெஷினுக்காக அம்மா போடச் சொன்னது.* மெஷினை ஓரமாகத் தள்ளி, கேபிளை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தோம். நான் சொருகப் போனேன்.

"குடு இப்படி. இது என் டிபார்ட்மெண்ட்."

சொருகினார். சுவிட்சைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "ஜீரோ பாத்துக்கோங்க மேடம்" என்றார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பங்க் அறையில் வீட்டுப்பாடம் எழுதிய வருஷங்களில் நாளெல்லாம் காதில் விழுந்த வாக்கியம் அது. அந்த அறையின் மேஜை, எண்ணெய்க் கறை பிடித்த காலண்டர், பேரம் பேசாத ஒரே கடைக்காரர் என்று நான் அப்பாவைப் பற்றி அடித்துக்கொண்ட பெருமை, எல்லாம் திரும்பி வந்தன.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"சாதாரண பிளக்ல ராத்திரி முழுக்க ஆகும்பா."

"ராத்திரி முழுக்கவா! என்கிட்ட வந்த வண்டி எதுவும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல நின்னதே இல்ல."

குறை சொல்கிறாரா சந்தோஷப்படுகிறாரா என்று பிடிபடவில்லை.

* அம்மா போய் ஒரு வருஷமாகிறது. மெஷின் அதற்குப் பிறகு ஓடவில்லை. கேட்டால், "ரெண்டு சட்டைக்கு எதுக்கு அது?" என்கிறார்.

3

இனி சுவிட்ச். என்னிடம் இரண்டு வடிவங்கள் இருக்கின்றன.

வேண்டுமென்றே செய்தார் என்பது முதலாவது. மகள் இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று அப்பா பூனைபோல் எழுந்து போய் அணைக்கிறார். படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர் என் அப்பா இல்லை. என் அப்பாவுக்கு யாரையும் "இரு" என்று சொல்லத் தெரியாது. கல்யாணமாகி நான் கிளம்பிய அன்றுகூட டயரில் காற்று இருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

இரண்டாவது, பழக்கம். படுக்கப் போகும் முன் எல்லா சுவிட்சையும் அணைத்துக்கொண்டே வருவது அம்மாவின் வேலை. "ஆளில்லாத எடத்துல கரண்டுக்கு என்ன வேலை?" என்பாள். இப்போது அந்தச் சுற்றுக்கு அப்பா போகிறார், அவள் போன வரிசையிலேயே. ஹால், சமையலறை, கடைசியாக மெஷின் பாயிண்ட். அணைந்திருந்தாலும் அதை ஒருதரம் தொட்டுப் பார்ப்பார். (இதுதான் நடந்திருக்க வேண்டும். இருந்தும் முதல் வடிவத்தைக் கிழித்துப் போட மனசு வரவில்லை.)

"நீங்களாப்பா ஆஃப் பண்ணீங்க?"

சுவிட்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அடக் கடவுளே! கேட்ட அளவு போடாம ஒரு வண்டியையும் நான் அனுப்பினதில்லையே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் வெட்கப்பட்டது நிஜம். கொஞ்சம் பொறுத்து, "அப்போ... சாப்பாட்டுக்கு இருப்பதானே?" என்று கேட்டதும் நிஜம்.

4

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, சலவை மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து இதை எழுதுகிறேன். சாப்பிடும்போது அப்பா அம்மாவைப் பற்றிப் பேசினார், அவள் போன பிறகு முதல்முறையாக. பெட்ரோல் தீர்ந்துபோன ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு, கோபமாக, அவள் முதன்முதலில் பங்க்குக்குள் வந்தாளாம். எனக்குத் தெரியாத கதை. பாதியில் குரல் உடைந்து, "மிச்சத்தை அப்புறம் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டார். அந்த மிச்சம் எனக்கு வேண்டும். இன்று விட்டால் அவர் மறுபடி வாயைத் திறப்பாரா என்று பயமாக இருக்கிறது.

வழிக்குப் போதுமான சார்ஜ் ஏறிவிட்டதாகப் போன் காட்டுகிறது. இப்போது கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம்.

"என்னம்மா, ஏறிடுச்சா?"

உள்ளேயிருந்து கேட்கிறார். நான் அதற்கு –

வேண்டாம். இந்தப் பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். அவருக்கு இப்போதெல்லாம் காது சரியாகக் கேட்பதில்லை.